ஒரே வீட்டில் இரண்டு தாமஸ்

வெளிநாட்டுக்காரர்களுக்கு வம்சாவளி தேடித் தரும் விழுப்புரத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அந்தக் காலத்தில் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன ஒரு நெசவாளியின் பிள்ளைகளைத் தேடியபோது, ஞானஸ்நானப் பதிவில் தாமஸ் என்று இருவர் இருந்தார்கள். இருமுறை எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, மூத்தவனை நீக்கிப் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

தேடச் சொல்லியிருந்த அந்த வம்சத்துப் பெண்மணி, நினைவுக்கல்லில் பெயர்களைப் பொறிக்கக் கொடுத்துவிட்டதாக நன்றி எழுதினார். பக்கத்து சீட் மேரி அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"டேய், மூத்தது செத்திருக்கும்டா. அதே பேரை அடுத்ததுக்கு வெச்சிருப்பாங்க."

"செத்த புள்ள பேரையா? எங்கப்பாவுக்கு முன்னாடி ரெண்டு தவறிடுச்சின்னு, அவரைக் குப்பையில பொரட்டி குப்பன்னு இல்ல பேர் வெச்சாங்க!"

"அது உங்க ஊட்டு வழக்கம். பேசிக்கினு நிக்காம ஜல்தியா அடக்கப் பதிவைப் பாரு."

அதில் இருந்தான் மூத்தவன், கைக்குழந்தையாக. பிறந்த பிள்ளையைப் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டேனே! உடனே எழுதினேன். பதில் வரும்வரை டீகூட இறங்கவில்லை. நல்லவேளை, கல்தச்சர் இன்னும் தொடங்கவில்லையாம்.

இப்போதெல்லாம் அந்தந்த ஊரில் எப்படிப் பெயர் வைப்பார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தேடவே தொடங்குகிறேன். எங்கள் வீட்டிலும் கேட்டேன். அப்பாவுக்கு முன்னால் பிறந்த இருவரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

- கு. சரவணன், திண்டிவனம்