மேப்பிள் மரத்தடியில் குங்குமம்

அம்மா ஊருக்குத் திரும்ப ஒரு வாரம்தான் இருந்தது. அமெரிக்காவில், எடிசனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. இலை சிவந்த மரத்தடியில் அவளும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் ஒரு நல்ல போட்டோ. கோயம்புத்தூர் வீட்டு ஹாலில் மாட்ட வேண்டுமாம். நானோ "அடுத்த வாரம் போலாம்மா" என்றே தள்ளிப்போட்டு, பாதி இலை கொட்டிய பிறகுதான் காரை எடுத்தேன்.

ஹைவேயை விட்டு இறங்கி, பண்ணைகளுக்கு நடுவே போகும் ரோட்டில் ஒரு மணி நேரம் சுற்றினோம். பார்த்த மரமெல்லாம் மொட்டை. எனக்கு எரிச்சல். பட்டுப்புடவையும் ஸ்னீக்கர்ஸுமாக அம்மா பின் சீட்டில் ஜன்னல் வழியாகச் சிவப்பு மரம் தேடிக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஊட்டிக்கே போயிருக்கலாமுங்கறேன்" என்றார் அப்பா.

ஒரு வளைவு தாண்டியதும் அந்த மேப்பிள் மரம் நின்றது. ஓர் இலைகூட உதிரவில்லை, அப்படி ஒரு சிவப்பு. ரோட்டோரம் வரிசையாகக் கார்கள். எல்லாரும் நம்மைப்போல மரம் பார்க்க வந்தவர்கள் என்று நானே முடிவு கட்டி, கடைசிக் காருக்குப் பின்னால் நிறுத்தினேன். மரத்துக்குப் பின்னாலிருந்த வீட்டு வராந்தாவில், கறுப்பு உடையில் சிலர் தட்டும் கையுமாக நின்றிருந்தார்கள். ஏதோ பார்ட்டி என்று நினைத்தேன்.

மரத்தடியில் ஒரு பெண்மணி தனியாக நின்றிருந்தார். அம்மா வயதிருக்கும். எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அது போதாதா எனக்கு? போனை அவர் கையில் கொடுத்து, எங்கள் மூன்று பேரையும் ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு நொடி போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெயில் முகத்தில் விழும்படி எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, அப்பாவைச் சிரிக்கச் சொல்லி, பொறுமையாக எடுத்தார். அப்பா போட்டோவில் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எத்தனை நல்ல அம்மா பாரு கண்ணு! சும்மா அனுப்பக் கூடாது" என்று கைப்பையைத் திறந்து கோயில் குங்குமப் பொட்டலத்தை எடுத்தாள். எடுத்தவள் முதலில் அவர் விரலைப் பார்த்தாள். "மோதிரம் போட்டிருக்குது. வெக்கலாம்."

இங்கே அந்த மோதிரம்தான் தாலி மாதிரி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

வேறு நாளாக இருந்தால் கூச்சத்தில் தடுத்திருப்பேன். அன்று சிவப்பு மரம், சிவப்புக் குங்குமம், ஒரு வெள்ளைக்கார அம்மாள் என்று கண்ணுக்குள் படம்தான் ஓடியது. அவர் குனிந்து நெற்றியைக் காட்ட, அம்மா வைக்க, நான் கிளிக் செய்தேன். "தீர்க்க சுமங்கலியா இருக்கோணும்" என்றாள் அம்மா. என்ன அர்த்தம் என்று கேட்டார் அவர். நம் கலாச்சாரத்தை விளக்குகிற பெருமையோடு, உங்கள் கணவர் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறார் என்றேன்.

அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "இதை நட்டது அவர்தான்" என்றார். "இன்று காலையில்தான் அவரை அடக்கம் செய்தோம்."

கறுப்பு உடை, கார் வரிசை, தட்டு எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரில் என்றால் தெருமுனையிலேயே பந்தலும் சங்குச் சத்தமும் சொல்லிவிடும். இங்கே யாரும் வாய்விட்டு அழவில்லை. சாரி என்றேன். கடையில் தள்ளுவண்டி இடித்தால் சொல்கிற அதே சாரி. எனக்கே அருவருப்பாக இருந்தது. அவரோ என் கையைத் தட்டிக்கொடுத்து, "உன் அம்மாவிடம் சொல்லாதே" என்றார்.

"என்ன கண்ணு சொல்றாங்க?"

"இந்த மரத்த அவங்க வீட்டுக்காரர் வச்சாராம்மா."

"அப்படியா! ரெண்டு பேரும் நல்லாருக்கோணும். போயிட்டு வர்றமுங்க" என்று கைகூப்பினாள் அம்மா. துக்க வீட்டில் சொல்லவே கூடாத வார்த்தை அது. அவரும் கைகூப்பிவிட்டு, நெற்றிக் குங்குமத்தைத் துடைக்காமல் அந்தக் கறுப்பு உடைகளுக்கு நடுவே நடந்து போனார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாவும் அப்பாவும் சிரிக்கும் அந்தப் படம் இப்போது கோயம்புத்தூர் ஹாலில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் யார் இவ்வளவு நன்றாக எடுத்தது என்று கேட்கிறார்களாம். குங்குமம் வைக்கிற படம் என் போனிலேயே கிடக்கிறது. அழிக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முகமில்லை. அந்த ரோட்டுப் பக்கம் நான் மறுபடி போகவில்லை.

போன வாரம் அம்மா போனில் கேட்டாள். "அந்த மரம் இந்த வருசமும் செவந்துருச்சா கண்ணு? ஒரு எட்டு போயி, அந்த அம்மாவையும் அவங்க வீட்டுக்காரரையும் சேத்து நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நம்மளுக்கு எத்தனை பொறுமையா எடுத்துக் குடுத்தாங்க."

சரிம்மா என்றேன்.