தாம்பரம் வெயிலில் ஒரு சைப்ரஸ்

மலையில் தோண்டிய சைப்ரஸைத் தொட்டியில் போன்சாயாக வளர்க்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு: அது செத்த பிறகும் இரண்டு மாதம் பச்சையாகவே நிற்கும். எண்பதுகளில் என்னிடம் மூன்று மரங்கள் அப்படிப் போயின. நீங்களும் செத்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். இது நான்காவது மரம்.

மடியில்

கொடைக்கானல் எஸ்டேட் ஒன்றில் கொட்டகை போட இடத்தைச் சுத்தம் செய்தார்கள். பாறை இடுக்கில், காற்றிலேயே குட்டையாகிப்போன சைப்ரஸ். முழங்கால் உயரம்தான், தண்டு என் மணிக்கட்டைவிடப் பருமன். மேனேஜரைக் கேட்டுத் தோண்டி, வேரை ஈரச் சாக்கில் கட்டி, தாம்பரம் வீடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"சவுக்குக் கன்னுக்கா சார் இம்புட்டு தூரம் வந்தீங்க? எங்க ஊர்ல அடுப்பெரிக்கிறோம்."

சும்மா இருப்பது

முதல் வருஷம் மரத்தைத் தொடக் கூடாது. நம் வேலையில் கஷ்டமானது அதுதான். ஈரச் சாக்கை நிழலாகக் கட்டி, காலையும் மாலையும் இலைக்குத் தண்ணீர் தெளித்தேன். கத்திரி வெயில் தாண்டி, மழைக்குப் பிறகு நுனிகள் இளம்பச்சையாக நீண்டன. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"போன மரமும் இப்படித்தாங்க பச்சையா இருந்துச்சு."

உயிரோடிருக்கிறது என்று வேறொருவர் வாயால் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

கம்பி

கிளைகளை வளைக்கச் செம்புக் கம்பி வேண்டும். சேலையூரில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடைக்கார பாய்தான் பழைய கம்பி கொடுப்பார். அதைத் தீயில் வாட்டி மிருதுவாக்கி, கிளை கிளையாகச் சுற்றினேன். ஒருநாள் வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"நம்மகிட்ட கம்பி சுத்தினா மோட்டாராவது ஓடும். இது இன்னா சார் பண்ணும்?"

கண்காட்சி

மூன்று வருஷம் கழித்து குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் மலர்க் கண்காட்சி. உச்சிக் கிளை ஒன்றின் பட்டையை நானே உரித்து, கந்தகமும் சுண்ணாம்பும் காய்ச்சிய நீரைத் தடவி, எலும்பு போல வெளுக்க வைத்திருந்தேன். மலை உச்சியில் இடி விழுந்த மரத்தின் சாயல் வரவேண்டும். அந்தக் கிளைக்கு மட்டும் எட்டு மாதம். மரத்தை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் வெள்ளைக் கிளை இல்லை. பள்ளித் தோட்டக்காரர் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தண்டை விரல் நகத்தால் கீறி முகர்ந்தார்.

"பட்ட கிளைய எடுத்துட்டேன் சார். மரம் உள்ள பச்சையா, ஜோரா கீது. யார் வளத்தாங்களோ, கைராசிக்காரங்க!"

நான்தான் என்று சொன்னேன்.

வெயிலைக்கூடச் சமாளித்துவிடலாம், கத்தரிக்கோலும் நல்ல மனசும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் சிரமம்.