ஓரத்தில் விரியும் முகம்

ஒரு முள்வேலி குறுக்கே இல்லாமல் இருந்திருந்தால் அந்த அகல லென்ஸை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

அருப்புக்கோட்டையில் எனக்கு ஸ்டூடியோ. கல்யாணம், காதுகுத்து எல்லாம் டிஜிட்டலில்தான் எடுக்கிறேன். ஆனால் என்னிடம் பழைய பெரிய பிலிம் கேமரா ஒன்றும் உண்டு. துருத்தி போல நீளும் உடம்பு, உள்ளங்கை அகலத்துக்குப் பிலிம். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு பின்கண்ணாடியில் பார்த்தால் ஆட்கள் தலைகீழாக நிற்பார்கள். அதில் எடுத்த படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் புருவ முடிகூடக் கலையாது. கடையில் மாட்டியிருந்த அப்படியொரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் திருச்சுழிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி ஒருவர் வந்தார். வீட்டுக்குப் புது முகப்புக் கட்டியிருந்தார். பொங்கலன்று சொந்தம் மொத்தமும் அதன் முன்னால் நிற்க ஒரு படம் வேண்டும் என்றார்.

"தூணுலருந்து தூணு வரைக்கும் விழணும் தம்பி. ஆளு விட்டுப்போச்சுன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது."

இடம் பார்க்கப் போனேன். வீட்டு முற்றம் குறுகல். எதிரே கருவேல முள்ளை வெட்டிப் போட்ட வேலி. அதற்கு அப்பால் உழுத கரிசல் வெறுமனே கிடந்தது. அந்த நிலத்துக்குள் கொஞ்சம் தள்ளி நின்றால் என்னிடம் இருந்த சாதாரண லென்ஸே போதும்.

"அங்கன மிதிக்கக் கூடாது. கேசு கெடக்கு" என்றார் அவர்.

அது செத்துப்போன அவருடைய அண்ணனின் பங்கு. அண்ணன் மனைவி நிலத்தின் மூலையில் தகரக் கொட்டகை போட்டுத் தனியாக இருந்தார். அண்ணன் இருக்கும்போதே பாகம் பிரித்து ஒதுக்கிவிட்டார்கள் என்பது அந்த அம்மாவின் வாதம். பாகமே பிரிக்கவில்லை, எல்லாரும் ஒரே குடும்பமாகத்தான் இருக்கிறோம், அந்த நிலம் தனியாக யாருக்கும் இல்லை என்பது இவருடையது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அந்த அம்மா வேலியோரம் வந்தார். "என் காட்டுக்குள்ள நின்னு எடுங்க தம்பி. நான் முள்ள நகத்தித் தாரேன்."

சம்சாரி மதினியின் பக்கம் திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "அங்க நின்னு எடுத்தா அது அவுக எடம்னு நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

ஆக, அகல லென்ஸ்தான் வழி. மதுரையில் பழைய கேமரா சாமான் விற்கும் நண்பர் இரண்டு லென்ஸைக் கொடுத்து, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார். தொண்ணூறு மில்லிமீட்டர் முகத்தை ஓரளவு முகமாகவே காட்டும். ஆனால் வரிசையின் ஓரத்து ஆட்கள் விழமாட்டார்கள். அறுபத்தைந்தில் எல்லாரும் விழுவார்கள். ஆனால் ஓரத்துக்குப் போகப்போக உருவம் பக்கவாட்டில் இழுபடும், வெளிச்சமும் மங்கும்.

"ஓரத்துல தூண நிப்பாட்டு, மரத்த நிப்பாட்டு. மனுசன நிப்பாட்டாத" என்று சொல்லி அனுப்பினார் நண்பர்.

பொங்கல் காலையில் வரிசை நின்றது. வெளியூர்ச் சொந்தங்கள் கேட்பார்கள் என்று மதினியையும் கூப்பிட்டிருந்தார்கள். புதுச்சேலை கட்டி வந்து வலது ஓரத்தில் நின்றார். இரண்டு எட்டு உள்ளே வரச் சொன்னேன். சம்சாரியின் மனைவி நின்ற இடத்தை விட்டு அசையாமல், "இங்க எங்க எடம் இருக்கு?" என்றார். இருவருக்கும் நடுவில் ஒரு கட்டிலே போடலாம்.

முகம் கெடாமல் இருக்கட்டும் என்று முதலில் தொண்ணூறை மாட்டியிருந்தேன். சம்சாரி ஆசையாக வந்து துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"எங்க மதினியக் காணோமே?"

"இந்த லென்ஸுல ஓரம் விழாது அண்ணாச்சி. இன்னொண்ணு இருக்கு, மாத்திருவோம்."

துணிக்குள் இருந்தபடியே மெதுவாகச் சொன்னார்: "இதுவே இருக்கட்டும். அவுககிட்டச் சொல்லாதீக. அவுக பாட்டுக்கு நிக்கட்டும்."

தன் இடத்துக்குத் திரும்பிப் போய் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார். "மதினி, முந்தியச் சரி பண்ணுங்க. போட்டோவுல நல்லா விழணும்ல!"

அந்த அம்மா முந்தானையை இழுத்துவிட்டு, தலைமுடியைத் தடவிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அறுபத்தைந்தை மாட்டி எடுத்தேன். மாற்றியது அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பிலிமைக் கழுவிப் பார்த்தபோது அந்த அம்மா இருந்தார். ஆனால் கன்னம் பிசைந்த மாவை இழுத்தது போல ஒருபக்கமாக நீண்டிருந்தது. சிரித்த வாய் காதுவரை கிழிந்து கிடந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றி முகத்தைச் சரிசெய்தால் அவருக்குப் பின்னால் இருந்த புதுத் தூண் வளைந்தது. தூணை நிமிர்த்தினால் முகம் மறுபடி கோணியது. தூண் வளைந்த படத்தைச் சம்சாரி வாங்கமாட்டார். தூணை நிமிர்த்தியே கொடுத்தேன்.

மதினியைப் படத்தில் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது. அடுத்த நொடி உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வீட்டாட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "மதினிக்கு வாச்ச மூஞ்சியப் பாரு!" கூடத்தில் படம் ஏறியது. அதன்பிறகு அந்த அம்மா தெருக் குழாய்க்கு வந்தால் பிள்ளைகள் இரண்டு விரலால் வாயை இழுத்துக் காட்டினார்கள்.

ஒருநாள் அவர் பஸ் ஏறி என் ஸ்டூடியோவுக்கு வந்தார். முகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"அந்தப் படத்த அவுக வக்கீலு கோர்ட்டுல குடுத்துட்டாக தம்பி. ஒதுக்கி வச்சவுக பொங்கலுக்குக் கூப்பிட்டுப் பக்கத்துல நிப்பாட்டுவாகளான்னு கேக்குறாக. நீங்க வந்து நடந்ததச் சொல்லணும்."

போனேன். வேலிக்கு அப்பால் மிதிக்க விடாததையும், துணிக்குள்ளிருந்து சம்சாரி சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"மதினியை விட்டுவிட்டு எடுக்கச் சொன்னார் என்கிறீர்கள். படத்தில் அந்த அம்மா இருக்கிறாரா, இல்லையா?"

"இருக்கிறார்."

"யாராவது இழுத்துவந்து நிறுத்தினார்களா?"

"இல்லை."

"சிரிக்கிறாரா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். "சிரிக்கிறார்" என்றேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அந்த அம்மா சொன்னார்: "அவரு சொன்னபடியே எடுத்திருக்கலாம் தம்பி. அதுல நான் இருந்திருக்க மாட்டேன்." குரலில் கோபம் இல்லை. அதற்குக் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தீர்ப்பு அந்த அம்மாவுக்குச் சாதகமாக வரவில்லை. கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் தூத்துக்குடி ரோட்டில் போகும்போது பந்தல்குடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே அந்த அம்மா லாரிக்காரர்களுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தெரிந்தமாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. என் முன்னாலும் ஒரு இலையை விரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டு, "சாப்பாடா, டிபனா?" என்று கேட்டார்.