பெரிய சண்டைக்கு எடுத்து வைத்த மருந்து

தொலைக்காட்சித் திரையின் இடது மூலையில் ஒரு சிறிய சிவப்புக் குப்பி. அதன் கழுத்தில் கயிறு கட்டியிருக்கும். உள்ளே மருந்து லேசாக ஆடிக்கொண்டே இருக்கும், யாரோ இப்போதுதான் கீழே வைத்துவிட்டுப் போன மாதிரி. விளையாட்டின் நாயகன் எவ்வளவு அடிபட்டிருந்தாலும் அந்த மருந்தைக் குடித்தால் முழு உயிரும் திரும்பிவிடும். என் தம்பி அதை அவனுக்கு ஒருமுறைகூடக் கொடுத்ததில்லை. வழியோரத்தில் மருந்துச் செடியைக் கண்ட இடத்திலெல்லாம் பறிப்பான். பறித்தவுடன் அது ஒரு குப்பியாகி நாயகனின் பையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஒரு கட்டத்துக்கு மேல் செடியை நெருங்கினாலே பையில் இடமில்லை என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு வர ஆரம்பித்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தம்பியின் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அரிசி டிரம் நிரம்பிய வீட்டுக்காரனின் முகம்.

அவன் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தான். தோட்டத்திலிருந்து வந்திறங்கும் பச்சை இலை எவ்வளவு நேரம் வாட வேண்டும், எப்போது அரைபட வேண்டும், எப்போது அடுப்புச் சூட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. தினமும் வரிசையாகக் கிண்ணங்களில் தேநீரை ஊற்றி வைத்து ருசி பார்ப்பான். அதை அவன் எங்கள் வீட்டிலும் விடவில்லை. கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்து, சர்ரென்று ஒரு சத்தத்தோடு உறிஞ்சுவான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "ஏன்டா, மனுசன் மாதிரி குடிக்கமாட்டியா?" என்று நான் கேட்டால், "மனுசனா குடிச்சா குறை தெரியாதுங்க அக்கா" என்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தான். அங்கே மின்சாரம் விட்டுவிட்டு வரும் என்பதால், கோயமுத்தூரில் பழசாக வாங்கிய வீடியோ கேம் பெட்டியை எங்கள் வீட்டில்தான் வைத்திருந்தான். என் மகளுக்காக வாங்கியது என்று சொல்லிக்கொண்டான். அவள் அப்போது நடுநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கண் கெட்டுவிடும், படிப்பு கெட்டுவிடும் என்று நான் பயந்தேன். எனக்குப் பயப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வர்க்கிப் பொட்டலத்தோடு வருவான். என் கணவர் மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறார். அங்கே ஞாயிறுதான் கூட்டம் என்பதால் வாரநாளில்தான் வீட்டுக்கு வருவார். நான் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் அலுவலக வேலையில் இருப்பவள், எனக்கு அன்று விடுமுறை. ஆகவே எங்கள் ஞாயிறு என்பது தம்பி, மகள், நான், அப்புறம் அந்த நாயகன். மதியம் பெட்டியை அணைத்துவிட்டு மூவரும் டீ குடிக்கும்போது அவர்கள் இருவரும் விளையாட்டை மதிப்பிடுவார்கள். கதை, சண்டை, நாயகனின் வளர்ச்சி, இந்த மூன்றும்தான் தலைப்பு. அதற்குத் தம்பி வைத்த விதி ஃபாக்டரியிலிருந்து வந்தது. "புளிக்குதுன்னு சொன்னாப் பத்தாது அம்மிணி. எந்த எடத்துல புளிச்சுதுன்னு சொல்லோணும். இலையிலயா, வாட்டத்துலயா, அடுப்புலயா? அப்பத்தான் அது மதிப்பீடு. இல்லாட்டி அது உங்கம்மா மாதிரி வெறும் குறை சொல்றது."

கதையைப் பற்றி இருவருக்கும் ஒரே கருத்துதான். மலைமேல் இருக்கும் கோட்டையிலிருந்து ஒரு மூடுபனி இறங்கி ஊர் ஊராக விழுங்குகிறது. விளக்கு ஏந்திய காவலன் ஒருவன் அதை நிறுத்த மலையேறுகிறான். ஆரம்பம் நன்றாக இருக்கிறது என்று மகள் சொல்வாள். பாதி வழியில்தான் கெட்டுப்போகிறது. வழியில் பார்க்கிற எல்லாரும் அவனிடம் தொலைந்துபோன ஆட்டைத் தேடித் தரச் சொல்கிறார்கள். ஊரே அழிகிறபோது எவனாவது ஆட்டைத் தேடுவானா என்று கோபப்படுவாள். "மொதல்ல நல்ல வாசம், நடுவுல தண்ணி ஊத்திட்டானுங்க" என்று தம்பி முடிப்பான். பிறகு ஜன்னலைக் காட்டிச் சிரிப்பான். வெளியே எங்கள் வீட்டு வேலியே தெரியாமல் பனி மூடியிருக்கும். "இதுக்கே இவன் வெளக்கெடுத்துட்டு ஓடறான். நம்மூர்ல இவனுக்குப் பால் பாக்கெட் வாங்கவே தெகிரியம் பத்தாது."

சண்டையில் மகள் கெட்டிக்காரி. கொம்புள்ள ஒரு மிருகம் அதில் அடிக்கடி வரும். பாய்வதற்கு முன்னால் தலையைத் தாழ்த்தி, முன்காலால் ஒருமுறை தரையைக் கீறும். அந்தக் கணத்தில் பின்வாங்கினால் முட்டித் தூக்கிவிடும், பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பிக்கலாம். நான் சமையலறையில் நின்றாலும் தம்பியின் குரல் கேட்கும்: "பின்னால போகாத அம்மிணி! பக்கத்துல, பக்கத்துல!" சண்டைக்கு அவர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். ஒவ்வொரு மிருகமும் அடிக்கும் முன் ஏதோ ஓர் அடையாளம் காட்டுகிறது, கவனிப்பவனை அது ஏமாற்றுவதில்லை என்பது மகளின் வாதம்.

வளர்ச்சியில்தான் தகராறு. ஜெயிக்கும் சண்டைகளுக்குக் கிடைக்கும் புள்ளிகளைக் கொண்டு நாயகனின் வேகத்தையோ, பலத்தையோ, தாங்கும் சக்தியையோ கூட்டிக்கொள்ளலாம். மகளுக்கு வேகம் வேண்டும். தம்பி அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது எல்லாவற்றையும் தாங்கும் சக்தியில் போட்டுவிடுவான். "ஏன் மாமா இவனை இப்படி எருமை மாதிரி ஆக்கறீங்க?" என்று சத்தம் போடுவாள். நாயகன் செத்தால் கடைசியாக ஓய்வெடுத்த தீமூட்டத்தின் அருகே மறுபடி எழுந்து நிற்பான். கற்றது எதுவும் போயிருக்காது. அது ரொம்ப அழகான யோசனை என்று மகள் சொன்னபோது தம்பி தலையாட்டினான். "எங்க ஃபாக்டரில அப்பிடி இல்லீங்க அம்மிணி. கருகுச்சுன்னா கருகுனதுதான்."

அந்த மருந்தைப் பற்றி நான் அவனிடம் கேட்டிருக்கிறேன். நாயகன் ரத்தம் வழிய நொண்டிக்கொண்டிருந்தான். பை நிறைய மருந்து.

"சாகப்போறானே, ஒண்ண எடுத்துக் குடுத்தா என்னடா?"

"பெரிய சண்டைக்கு வேணுமுங்க அக்கா."

"இது பெரிய சண்டை இல்லையா?"

"இதவிடப் பெருசு வரும்."

இதில் அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டு ஷோகேஸில் பூப்போட்ட கோப்பைகள் இருக்கின்றன, விருந்தாளி வந்தாலும் எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுக்கிறேன். பொங்கலுக்கு நான் வாங்கித் தந்த ஜாக்கெட்டை அவன் எங்காவது நல்ல இடத்துக்குப் போகும்போது போட்டுக்கொள்வதாகச் சொல்லி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தான். லீவையும் அப்படித்தான் சேர்த்தான். மகளுக்குக் கல்லூரி கிடைத்ததும் மொத்தமாக எடுத்து, அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அப்படியே கடல் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். தேயிலையில் மட்டும் அவன் இதற்கு நேர்மாறு. நல்ல தூள் கொண்டுவந்தால், "பதுக்கி வெக்காதீங்க அக்கா, வாசம் போயிரும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் போவான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, தம்பி குவார்ட்டர்ஸிலிருந்து ஃபாக்டரிக்கு நடந்துகொண்டிருந்தான். இரண்டு வளைவு தள்ளி இருக்கும் ஃபாக்டரிக்குத் தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை உண்டு. கடும்பனி. காட்டெருமை எங்களுக்குப் புதிதில்லை. சாலையில் நிற்கும், நாங்களும் நிற்போம், அது கடந்த பிறகு நாங்கள் நடப்போம். அன்று அது பனிக்குள் நின்றது அவனுக்குத் தெரியவில்லை, அவன் வந்தது அதற்கும் தெரிந்திருக்காது. இலை லாரி ஓட்டுகிறவர்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த லாரிக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு பக்கம் கல்லுக் கட்டு, ஒரு பக்கம் செடி இடுப்புக்கு மேல நிக்குதுங்க. ஒதுங்கறதுக்கு எடமே இல்லீங்க அம்மா."

காரியங்கள் முடிந்து உறவினர்கள் எல்லாரும் போன பிறகு மகள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "விளையாட்டுல எப்பவும் பக்கத்துல எடம் இருக்கும்மா." அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. நானோ, சாயங்காலம் பனி இறங்க ஆரம்பித்தால் அவள் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறக்கும் வரை அவளுக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்துகொண்டிருந்தேன். இன்றும் செய்கிறேன். அவன் கடைசியாகக் கொண்டுவந்த தேயிலைப் பொட்டலத்தை ஒரு டப்பாவில் போட்டு இறுக்கி மூடி மேல்தட்டில் வைத்தேன்.

இந்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறது. விளையாட்டுகளை வடிவமைக்கக் கற்றுத்தரும் படிப்பு ஒன்றில் சேர வேண்டும் என்பது மாமாவும் அவளும் சேர்ந்து பேசி வைத்திருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நீங்கள் முழுமையாக ஆடி முடித்த விளையாட்டு ஒன்றின் கதை, சண்டை, பாத்திர வளர்ச்சி ஆகியவற்றை மதிப்பிடுக. ஞாயிறு டீயோடு அவர்கள் பேசிய அதே மூன்று தலைப்புகள். அவளுக்குத் தெரிந்த வேலைதான். ஆனால் அந்த விளையாட்டு முடியவில்லை. கடைசிக் கோட்டையில் பனியின் அரசனிடம் மாமாவும் அவளும் தோற்றுக்கொண்டிருந்தபோது நின்றுபோனது. "வேறொண்ணப் பத்தி எழுதேன் கண்ணு" என்றேன். "எழுத மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் போய்விடுவாளே என்று ஒரு பயம். போகாமல் இந்த வீட்டிலேயே ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியை அவளாகவே போட்டாள். நான் சத்தம் காட்டாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோட்டைக்குள் நாயகன் செத்தான், எழுந்தான், மறுபடி செத்தான். சிவப்புக் குப்பி மூலையில் ஆடிக்கொண்டிருந்தது. பொறுக்கமுடியாமல், "அந்த மருந்தக் குடிக்க வையேன்" என்றேன்.

"அது மாமா பறிச்சதும்மா." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குடிச்சுட்டாத் தீந்துபோயிரும்."

எனக்கு மேல்தட்டில் இருந்த டப்பாதான் ஞாபகம் வந்தது.

மறுபடி தோற்று, கோட்டைக்கு வெளியே தீமூட்டத்தின் அருகே நாயகன் எழுந்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. கொடியில் துணி. அவள் குதித்து எழுந்து கன்ட்ரோலரை என் கையில் திணித்தாள். "சும்மா புடிச்சுக்கோ. எதையும் அமுக்கிராத!" நான் அதை எப்போதும் கையில் எடுத்ததில்லை. கைக்குழந்தையைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தேன். இறுக்கிப் பிடித்ததுதான் தப்பு. நாயகன் இடுப்புப் பையிலிருந்து சிவப்புக் குப்பியை எடுத்தான், கயிற்றைப் பல்லால் அறுத்தான், அண்ணாந்து குடித்தான். ஒரு கீறல்கூட இல்லாமல் முழு உயிரோடு நின்றவன், சும்மா குடித்தான்.

குடித்தபோது ஒரு சத்தம் வந்தது. காற்றோடு சேர்த்து, சர்ரென்று உறிஞ்சும் சத்தம்.

மகள் ஈரத் துணிகளோடு வாசலில் நின்றிருந்தாள். "என்னம்மா பண்ணுன?" என்று அலறியவள் அந்தச் சத்தத்தில் பாதியிலேயே நின்றாள். துணிகள் கீழே விழுந்தன. இத்தனை வருடத்தில் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தம்பிக்கும் தெரியாது. கேட்டிருந்தால் எவ்வளவு சிரித்திருப்பான். இருவரும் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதோம். நடுவில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அடியே படாதவனுக்கு மருந்து குடுத்த ஒரே ஆளு நீதாம்மா" என்றாள். அப்போது சிரித்தும்விட்டோம்.

பிறகு அவள் கன்ட்ரோலரை வாங்கினாள். தீமூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துச் செடி பூத்திருந்தது. நாயகனை அதன் அருகே கொண்டுபோனாள். பையில் இடமில்லை என்ற அறிவிப்பு வரவில்லை. பறித்தாள். அது குப்பியாகி உள்ளே விழுந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "இப்ப இதுல எதும்மா மாமா பறிச்சது?"

நான் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கோட்டைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சண்டை தொடங்கியது. நடுநடுவே அந்த உறிஞ்சும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி அது. அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். ஒவ்வொரு முறையும் தம்பி பக்கத்து அறையில் கரண்டியைத் தூக்கி டீயை ருசி பார்ப்பதுபோல இருந்தது. ஒவ்வொரு முறையும் பையில் ஒன்று குறைகிறது என்பதும் தெரிந்தது.

பனியின் அரசனை ஜெயித்த பிறகு எழுதிய கட்டுரையை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள். கதையின் குறை நடுவில் தொடங்குகிறது என்று எழுதியிருந்தாள். வளர்ச்சி நன்றாக இருக்கிறது, ஆனால் சேர்த்து வைப்பவனுக்குத்தான் இந்த விளையாட்டு அதிகம் பரிசு கொடுக்கிறது, அது சரியில்லை என்று எழுதியிருந்தாள். சண்டையைப் பற்றி, குறை எந்த இடத்தில் என்று மாமாவின் விதிப்படி ஒரே வரி: நாயகனுக்கு ஒதுங்க எப்போதும் இடம் இருக்கிறது.

இடம் கிடைத்துவிட்டது. ஜூன் மாதம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடலுக்கும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள். மேல்தட்டு டப்பாவை நான் இன்னும் திறக்கவில்லை. நேற்று அவள் டியூஷனிலிருந்து வரும் நேரம், பனி இறங்கியது. ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டியைப் போட்டேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டேன்; அதில் எனக்குத் தெரிந்த ஒரே பொத்தான், மருந்தைக் குடிக்க வைக்கும் பொத்தான்தான். திரையின் இடது மூலையில் சிவப்புக் குப்பி ஆடிக்கொண்டிருந்தது. வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும் வரை பொத்தானை அமுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.