பொய் பேசாதவர்

மங்கையற்கரசி அக்காவிடம் கல்வெட்டு எழுதக் கொடுப்பவர்கள் கொஞ்சம் துணிந்துதான் போகவேண்டும். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் ஆட்கள் கல்வெட்டு என்பார்கள். காலையில் பேக்கரி வேலை, பின்னேரம் கல்வெட்டு. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ரூஜில் பன்னிரண்டு வருடமாக அக்காவின் பொழுது இப்படித்தான் போகிறது.

"எங்கட அப்பாவைக் கொடைவள்ளல் எண்டு போடுங்கோ அன்ரி" என்று ஒரு மகன் கேட்டால், "ஆருக்குக் குடுத்தவர்? பேரைச் சொல்லும், விசாரிச்சுப்போட்டுப் போடுறன்" என்பார். மகன் கூரையைப் பார்ப்பான். கொடைவள்ளல் அதோடு போய்விடும். மற்றவர்கள் எழுதும் கல்வெட்டுகளில் தவறாமல் வரும் 'பொய் பேசாதவர்' என்ற சொல்லை அக்கா ஒருவருக்கும் எழுதியதில்லை. "உதைப் போட்டால் நான் பொய் சொன்னவள் ஆகிடுவன்" என்பார்.

போன மாதம் அவருடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை காலமானார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதிகம் கதைக்காத மனிதர். அவருடைய கல்வெட்டையும் அக்காவே எழுதினார். வேறு யாரையும் தொட விடவில்லை. திங்கள் காலை அது அச்சகத்துக்குப் போகவேண்டும். சனிக்கிழமை காலை அக்காவின் பழைய கொம்பியூட்டரில் ஸ்கிறீன் கோடு கோடாகி, பிறகு கறுத்துப் போய்விட்டது. உடனே எனக்குப் போன் வந்தது.

நான் மாக்கஸ், பக்கத்து வீட்டுக்காரன். ஒரு கந்தோரில் கொம்பியூட்டர் திருத்துவது என் வேலை. திருத்துகிறேனோ இல்லையோ, திருத்தத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் குறை வைத்ததில்லை.

"துர்க்காவின்ர லப்டொப்பில போட்டுப் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன். துர்க்கா அக்காவின் மகள்.

"போன கிழமை பாத்தவள். இவரின்ர பேர் இங்கிலிஷ் எழுத்தும் புள்ளியும் கோடுமாய் வந்திட்டுது. எனக்குப் பாக்க ஏலாமல் போச்சு."

அந்தப் பழைய எழுத்துருவும் பக்கம் அமைக்கும் புரோகிராமும் புது மெஷினில் சரிவராது. அண்ணையின் கல்வெட்டு அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

பெட்டியை இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் திறந்தேன். ஸ்கிறீனுக்குப் படம் அனுப்பும் கிறாஃபிக்ஸ் காட்டின் விசிறி இறுகிப்போய் எரிந்த மணம் அடித்தது. "காட் செத்துப்போச்சு அக்கா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்வெட்டில் படங்கள் துலக்கமாக வரவேண்டும் என்று, வாங்கும்போதே அண்ணை தனியாகப் போடுவித்த காட் அது.

"பயப்பிடாதேங்கோ. மதர்போட்டிலயே படம் காட்டுற வசதி இருக்குது. காட்டைக் கழட்டிப்போட்டு, ஸ்கிறீன் வயரை மற்ற பிளக்கில குத்தினால் சரி. அஞ்சு நிமிச வேலை."

காட்டைக் கழற்றினேன். பெட்டி மேசையின் கீழ்த்தட்டில் சுவரோடு ஒட்டி இருந்ததால், கையைப் பின்னால் விட்டுத் தடவியே வயரைக் குத்தினேன். ஸ்பீக்கரில் விண்டோஸ் தொடங்கும் சத்தம் கேட்டது. ஸ்கிறீன் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"ஆள் உள்ளுக்கு இருக்கிறார். முகம்தான் காட்டுறாரில்லை" என்றார் அக்கா.

அஞ்சு நிமிசம் ஒரு மணித்தியாலமானது. மெமரியைக் கழற்றிப் பூட்டினேன். பற்றரியை மாற்றினேன். பெட்டியைச் செய்த கொம்பனியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா இரண்டாவது தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்தீரே?"

"பதினெட்டு வருசமாய் உதே வேலைதான் செய்யிறன் அக்கா."

"அப்ப திருப்பிப் பாக்கத் தெரிஞ்சிருக்கும்."

ரோசத்தோடு பெட்டியை இழுத்துத் திருப்பி, போன் வெளிச்சத்தைப் பிடித்தேன். மதர்போட்டின் நீலப் பிளக்கில் இருந்த பதினைந்து துளைகளையும் மண்போல ஏதோ அடைத்திருந்தது. மேலே சிவப்பு. வயர் பாதிக்கு மேல் உள்ளே போகவே இல்லை.

"உதென்ன அக்கா, குளவி கூடு கட்டினதே?"

அக்கா குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு மணந்தார். பிறகு, அண்ணை போன நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு ஒன்று வந்தது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். சிரிப்பு அழுகையாக மாறியது.

"சந்தனமும் குங்குமமும் மாக்கஸ். சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்துக்குப் பொட்டு வைக்கிறது நான், கொம்பியூட்டருக்கு வைக்கிறது இவர். முதல் வருசம் முன்னுக்கு வைச்சு, 'பவர் பட்டனில வேண்டாம் அப்பா, பிளீஸ்' எண்டு துர்க்கா கத்தினவள். பிறகு ஒவ்வொரு வருசமும் 'வைச்சாச்சோ' எண்டு கேப்பன். 'வைச்சாச்சு' எண்டுவார். முன்னுக்குப் பாப்பன், மேல பாப்பன், ஒண்டும் இராது. எழும்பிப் போய் வைக்கப் பஞ்சியில பொய் சொல்லுறார் எண்டு நல்லாய் ஏசுவன். மனுசன் சிரிச்சுக்கொண்டு போயிடும்."

ஒருவரும் பாவிக்காத பிளக்காகப் பார்த்து, பதினொரு வருடம் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் புதுச் சாமான் வந்தால் ஃபாதர் தீர்த்தம் தெளிப்பார். மின்சாரச் சாமானுக்குத் தண்ணீரை விடப் பொட்டு பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பின்னுக்கு எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நான் ஏசுறதைக் கேக்க அவருக்கு விருப்பம்" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்தபடி.

மின்சார வயரைக் கழற்றிவிட்டுத் துப்புரவாக்கப் போனேன். அக்கா விடவில்லை. தையல் ஊசி ஒன்றை எடுத்துவந்து, ஒவ்வொரு துளையாகத் தானே கிளறினார். நான் வெளிச்சம் பிடித்தேன். உதிர்ந்த தூளை ஒரு சின்னத் தட்டில் சேர்த்தார். அவசரமே படவில்லை. அந்தப் பொட்டுகளை இனி வைக்க ஆள் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வயர் இம்முறை முழுதாக உள்ளே போனது. ஸ்கிறீன் வெளித்தது. காட் இல்லாவிட்டாலும் அண்ணையின் படம் துலக்கமாகத்தான் வந்தது.

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாழ்க்கைக் குறிப்பின் கடைசிப் பந்திக்குப் போய், நிதானமாக இரண்டு சொல் அடித்தார். எட்டிப் பார்த்தேன். பொய் பேசாதவர்.

"உதை ஒருத்தருக்கும் போடமாட்டன் எண்டனீங்கள். விசாரிக்காமல் போடமாட்டியளே?" என்று சீண்டினேன்.

அக்கா பக்கத்திலிருந்த தட்டைப் பார்த்தார்.

"விசாரிச்சாச்சு" என்றார்.