பீச் பூவின் மேல் விழுந்த பனி

லெபோனா அண்ணனுக்கு நான் நூற்றெண்பது மலோட்டிப் பணம் கடன்பட்டிருந்தேன். ஆட்டு மயிரை விற்று அடைக்காவிட்டால், கடனுக்குத் தந்த பன்னிரண்டு ஆடுகளையும் அவர் திருப்பி ஓட்டிப் போய்விடுவார்.

எங்கள் மலையில் பீச் மரம் பூத்தால் குளிர்காலம் முடிந்ததென்று மயிரைக் கத்தரித்துவிடுவோம். அந்த வருஷம் நான் மட்டும் கத்தரிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாதவன்தான், ஆனால் குளிர் வருமுன் வலிக்கும் என் முழங்கால் பொய் சொன்னதில்லை.

"ஊரே பூவை நம்புது, இவன் முட்டியை நம்புறான்!" என்று அண்ணன் சிரித்தார்.

"சிரிங்கண்ணே, பனி விழட்டும்."

விழுந்தது. இளஞ்சிவப்புப் பூக்களின் மேல் வெண்பனி கிடந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கத்தரித்த ஆடுகள் ஊரெங்கும் விறைத்துச் செத்தன. என்னுடையவை ஒன்றும் சாகவில்லை. பனி உருகியதும் கத்தரித்து, விற்றேன்.

"உன் முட்டியை எனக்கு வித்துடுடா" என்று அண்ணன் உள்ளங்கையை விரித்தார். அதில் நூற்றெண்பதையும் எண்ணி வைத்தேன்.