முகாமின் தண்ணீரும் என் சஷ்டி விரதமும்

முருகன் அடியார்களுக்கு வணக்கம்.

2007 ஐப்பசியில் எங்கள் முகாமில் ஆட்கள் ஒவ்வொருவராக நோயில் விழுந்தார்கள். வயிற்றுப் பிரட்டல், தலையிடி, வாந்தி. அவர்கள் குடித்த தண்ணீருக்குப் பொறுப்பு நான்.

நான் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் வளர்ந்தவள். தண்ணீர் சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் படித்தவள். நோர்வே இராணுவத்தின் உதவிப் பிரிவு ஒன்றோடு ஆப்கானிஸ்தானின் வடக்கில் ஒரு முகாமுக்குப் போயிருந்தேன். சமைப்பவர்கள், லொறி ஓட்டுபவர்கள், ஜெனரேற்றர் பார்ப்பவர்கள், உடுப்புத் தோய்ப்பவர்கள், இவர்கள்தான் எங்கள் பிரிவு. போகும்போது அம்மா ஒரு கேள்விதான் கேட்டா.

"ஊரிலை சண்டைக்குப் பயந்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனாங்கள். நீ சண்டையைத் தேடிப் போறியோ?"

"தண்ணி குடுக்கத்தானே அம்மா போறன்" என்றேன்.

இப்போது அந்தத் தண்ணீரில்தான் எல்லோருக்கும் சந்தேகம்.

நான் வேலையில் ஒழுங்கு பார்ப்பவள். கிணறு, வடிகட்டி, குளோரின் அளவு, சேமிப்புத் தாங்கி. வரிசையாகச் சோதித்தேன். பிறகு வரிசையைத் தலைகீழாக்கிச் சோதித்தேன். கிருமி இல்லை. சமையலறையிலும் பிழை இல்லை. நோயாளிகள் மட்டும் கூடிக்கொண்டே போனார்கள்.

பொறுப்பதிகாரி முடிவைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் எங்கள் தண்ணீர் நிறுத்தப்படும். மலைப்பாதையால் லொறிகள் போய்ப் போத்தல் தண்ணீர் ஏற்றி வரும். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அந்தப் பாதையில் கண்ணிவெடி வெடித்திருந்தது. முதல் லொறியை ஓட்ட வேண்டியவள் இங்ரிட். என் அறைத்தோழி, நோர்வேயின் திராமன் ஊர்க்காரி.

"உன்ரை தண்ணியைக் குடிச்சுச் சாகிறதை விட ரோட்டிலை போறது பரவாயில்லை" என்று பகிடி விட்டாள். பிறகு சப்பாத்துக் கயிற்றைக் கட்டாமல் கனநேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று அம்மா தொலைபேசியில், "நாளைக்குக் கந்தசஷ்டி தொடங்குது. உனக்காக நான் விரதம் பிடிக்கிறன்" என்றா.

"இல்லை அம்மா. இந்தமுறை நான் பிடிக்கிறன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதுவரை நான் அம்மாவைக் கோயிலுக்குக் காரில் ஏற்றி இறக்குகிறவள் மட்டும்தான்.

கட்டிலில் இருந்தபடியே கும்பிட்டேன். "முருகா, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இனி நீ காட்டு." அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

பகலில் தாங்கியடியில் பிடித்த வெறும் தண்ணீர். இரவில் வாழைப்பழமும் பாலும். வேலையை நிறுத்தவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களோடு போய் இருப்பேன்.

"உன்ரை கடவுளுக்குக் கோப்பியும் கூடாதோ?" என்று இங்ரிட் கேட்டாள்.

"கூடாது."

"அப்ப நோர்வேயிலை அவருக்கு ஆள் சேராது."

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கூடத்துக் குழாயில் ஒரு கோப்பை பிடித்துக் குடித்தேன். வெறும் வயிறு. தேத்தண்ணி, இனிப்பு, உறைப்பு எதுவும் படாத நாக்கு. குளோரினுக்குப் பின்னால் வேறொன்று இருந்தது. மெல்லிய எண்ணெய்க் கசப்பு. டீசல்.

கோப்பையை இங்ரிட்டிடம் நீட்டினேன். குடித்துப் பார்த்தாள்.

"குளோரின்" என்றாள்.

"வாயைக் கொப்பளிச்சுப்போட்டுத் திரும்பக் குடி."

"நல்லாக் கொப்பளிச்ச குளோரின்."

தாங்கிக்கு ஓடிப்போய் அங்கே குடித்தேன். அது சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் பிழை தாங்கிக்கும் சாப்பாட்டுக்கூடத்துக்கும் நடுவில். நடுவில் இருப்பது மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாய். அது ஜெனரேற்றர் கொட்டிலின் ஓரமாகப் போகிறது.

எங்கள் பிரிவின் சார்ஜன்ட் நம்பவில்லை. "கருவி கண்டுபிடிக்காததை உன்ரை நாக்கு கண்டுபிடிச்சதோ?"

"ஓம். நாங்கள் கருவியை வைச்சுக் கிருமியைத்தான் தேடினனாங்கள். டீசலைத் தேடேல்லை. ஒரு மண்வெட்டி தாங்கோ. பிழையெண்டால் நானே மூடிவிடுறன்."

இங்ரிட்டும் ஒரு மண்வெட்டியோடு வந்தாள். முழங்கால் ஆழம் வருமுன்பே மணம் அடித்தது. எரிபொருள் குழாயின் மூட்டு ஒன்று கசிந்து மண் ஊறிப்போயிருந்தது. டீசல் பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளால் மெல்ல மெல்ல ஊடுருவித் தண்ணீரில் கலந்திருந்தது. அப்படி நடக்கக்கூடும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

கசிவை அடைத்தோம். பழைய குழாயை வெட்டி மூடினோம். தரைக்கு மேலால் புதிய குழாய் இழுத்தோம். ஆறாம் நாள், சூரன்போர் அன்று, மருத்துவக் கூடாரத்தில் பாதிக் கட்டில்கள் வெறுமையாகிவிட்டன. சனிக்கிழமை லொறிகள் போகவில்லை. இங்ரிட் வெயில் ஏறும்வரை நித்திரை கொண்டாள். நான் சத்தமில்லாமல் உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"நீ படிச்ச பிள்ளை, இது தற்செயல் இல்லையோ?" என்று சிலர் கேட்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். விரதம் இல்லாவிட்டால் அந்த மத்தியானமும் தேத்தண்ணிதான் குடித்திருப்பேன். காட்டு என்று கேட்டேன், முருகன் காட்டினான். எனக்கு அது போதும்.

இப்போது ஒஸ்லோவில் குடிதண்ணீர்ப் பகுதியில் வேலை செய்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஆறு நாளும் விரதம் பிடிக்கிறேன். கோயில் வாசலில் அம்மாவை இறக்கிவிட்டுத் திரும்புவதில்லை, நானும் உள்ளே போகிறேன்.

உங்களில் யாருக்காவது வழி தெரியாத சிக்கல் இருந்தால் முருகனிடம் கேளுங்கோ. கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதேயுங்கோ, உங்கள் வேலையைச் செய்துகொண்டே கேளுங்கோ. வேலைக்குப் போய்க்கொண்டு விரதம் பிடிக்க ஏலாது என்று நினைப்பவர்கள் என்னிடம் வாருங்கோ, எப்படியென்று சொல்லித் தருகிறேன். சஷ்டி நாட்களில் மாலைப் பூசைக்குப் பிறகு கோயிலில் பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பேன்.